எட்டு மணி

ஜெல் தீர்ந்து இரண்டு மாதம்.
வாசலில் டீ விற்கும் தைபாவின் அடுப்பில்
சோளமாவும் உப்பும் போட்டுக் கிண்டினோம்,
கட்டி தட்டாமல்.
"இத்தனை வருஷம் டாக்டருக்குப் படித்துக்
கடைசியில் கூழ் காய்ச்ச வந்தீர்களா?"
அவள் சிரிப்பில் சிம்னி விளக்கு ஆடியது.

ஆறிய கூழை
ஒருவர் வயிற்றில் ஒருவர் பூசி
ஸ்கேன் கருவியை அழுத்திப் பழகினோம்.
கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே
ஒன்றும் இல்லை என்பதைத்
தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சி.
என் வயிற்றில் ஒன்றும் இல்லை.
கெமெச்சுவின் வயிற்றிலும் இல்லை,
காலைச் சாப்பாடு உட்பட.

நல்ல வயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தால்
கெட்டதை எப்படித் தெரியும்?
நார்வேயிலிருந்து வந்து
இரண்டு வாரமே ஆகியிருந்த இங்வில்ட் சொன்னாள்:
"கறுப்பாக இருக்கும், லெலிசே.
ஒருமுறை பார்த்துவிட்டால்
இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாய்."

*

ஜிம்மாவில் மழை விட்ட இரவு.
காப்பி மூட்டை லாரியின் உச்சியிலிருந்து விழுந்தவன்,
பெயர் ஷெம்சு, வயது பதினைந்தோ பதினாறோ.
யூகலிப்டஸ் கழிகளில் கட்டித் தூக்கி வந்த நால்வரின்
முழங்கால்வரை சேறு.

எப்போது விழுந்தான்?
அப்பா சொன்னார், எட்டு மணிக்கு.
கெமெச்சு ஒரு பிழையுமின்றி மொழிபெயர்த்தான்,
எட்டு மணிக்கு.
இங்வில்ட் சுவரைப் பார்த்தாள்.
எட்டு இருபது.

அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.
இருபது நிமிஷம்தானே.
ரத்த அழுத்தம் பரவாயில்லை, பையன் பேசுகிறான்,
ஒரு பாட்டில் ஏற்றுவோம், பார்ப்போம்.
புத்தகத்தில் இருப்பதும் அதுதான்.

நான் அடுத்த கட்டிலில்
ஒருவன் நெற்றியைத் தைத்துக்கொண்டிருந்தேன்.
ஊசி பாதியில் நின்றது.

எங்களுக்குப் பொழுது புலர்ந்தால்தான் மணி தொடங்கும்.
சூரியன் வந்து ஒரு மணி நேரம் ஆனால் ஒன்று.
உச்சி வெயில் ஆறு.
எட்டு என்றால்
மூட்டை ஏற்றுகிறவர்கள் சாப்பிட்டு எழும் மதியம்.
மருத்துவமனையின் சுவர்க் கடிகாரம் மட்டும்
வேறு யாருடைய நாளையோ ஓட்டுகிறது.

"ஆறு மணி நேரம்" என்றேன்.
"என்ன ஆறு மணி நேரம்?"
"அவன் விழுந்து."

சேற்றைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.
கெமெச்சுவுக்கும் தெரியும்; நாள் முழுக்க
இரண்டு கடிகாரத்தில் வாழ்கிறவன்.
வார்த்தையை மாற்றினான்,
வெயிலை மாற்ற மறந்தான்.

இளம் உடம்பு
கடைசிக் காசுவரை கடனை மறைக்கும்.
பிறகு ஒரேயடியாகக் கடையைச் சாத்தும்.

கூழ் டப்பாவின் மூடி திறக்கவில்லை.
பல்லால் கடித்துத் திறந்தேன்.
வலது விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தியபோது
ஷெம்சு, "குளிருது" என்றான்.
திரையில்
கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே
ஒரு விரல் அகலத்துக்கு
கறுப்பு.

நான் எதுவும் கேட்கவில்லை.
அறுவை மருத்துவரை எழுப்ப ஓடியவள் இங்வில்ட்தான்,
மாடிப்படியில் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது.
கெமெச்சு தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு
ரத்த வங்கிப் பக்கம் போனான்.
அவன் ஓ பாசிட்டிவ்.
ஏழு நாள் முன்புதான் கொடுத்திருந்தான்,
அதைச் சொல்ல மாட்டான், எனக்குத் தெரியும்.

*

படிவத்தில் 'விபத்து நடந்த நேரம்' என்றொரு கட்டம்,
ஓர் எண் மட்டுமே கொள்ளும்.
ஓரத்தில் எழுதினேன்: மதியம், சாப்பாட்டுக்குப் பின்.

மின்சாரம் போய்
ஜெனரேட்டர் இருமிப் பிடித்துக்கொண்டது.
அறுவை அறைக் கதவின் கீழே
வெளிச்சக் கோடு அணைந்து, திரும்ப வந்தது.

அப்பா சுவரோரம் குந்தியிருந்தார்.
மகனைப் பற்றிக் கேட்பார் என்று
பதில் தேடிக்கொண்டு நின்றேன்.
"மணி என்ன, டாக்டர்?"

சுவரில் ஒன்று.
"ஏழு" என்றேன்.
அவர் விரல் விட்டு எண்ணினார்,
விடிய இன்னும் ஐந்து.